நான்காம் பத்தி

கிள்ளான்
3.3.2025

குமுதாவுக்கு,

அண்ணன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படி.

பதினான்கு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவன் எதற்கு இப்போது எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் பண்ணியிருக்கலாம்தான். உன் அண்ணியின் காரியம் முடிந்த கையோடு உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். அதைத் திரும்ப எப்படித் திறப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு பாலனைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் செய்து கொடுப்பான். "யாரு அங்கிள், தங்கச்சி நம்பரா?" என்று அவன் கேட்பானே, அதற்கு என்ன பதில் சொல்வது? முப்பத்தொரு வருடம் ஊரார் கடிதங்களை மோட்டார் சைக்கிளில் சுமந்தவன், நமக்கு ஒன்று எழுத வராதா என்று உட்கார்ந்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் மலர் நர்ஸ் வேலைக்கு அந்தத் தீவுக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. அங்கே ஒரு தென்கரைக்காரப் பையனைக் கட்டிக்கொண்டதும் நான் குதித்ததும் உனக்குத் தெரியும். அது பழைய கதை. இப்போது ஒன்பது மாதப் பெண் குழந்தை இருக்கிறது. தனலெட்சுமி என்று உன் அண்ணியின் பெயரையே வைத்திருக்கிறாள். தனா என்று கூப்பிடுகிறார்களாம். போனில்தான் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் அங்கே வந்த சட்டத்தைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்கரை இனத்தில் பிறந்தவனுக்குத் தனி அட்டை, தனி ஆஸ்பத்திரி. பாஸ் இல்லாமல் தலைநகரில் தங்கக்கூடாது. அப்பன் தென்கரை என்றால் கைக்குழந்தைக்கும் அதே அட்டைதான். அரசாங்கம் கையெழுத்துப் போடாமல் அந்தக் குழந்தை நாட்டைவிட்டு வெளியே வர முடியாது. மலர் நவம்பரில் மனு போட்டாள். போன வாரம் அங்குள்ள அதிகாரி சொன்னானாம்: "உங்க நாட்டுக்காரங்க எங்ககிட்ட நல்லபடியா இருக்காங்க. மாசக் கடைசியில வாங்க, முடிச்சுத் தரேன்."

நேற்று பேப்பரில் பார்க்கிறேன், பல நாடுகள் சேர்ந்து அந்தத் தீவைக் கண்டித்து அறிக்கை விடப்போகின்றனவாம். நம் நாடும் அதில் இருக்கிறதாம். வெளியுறவு அமைச்சில் இருப்பவள் நீ, அந்தக் காகிதம் உன் மேசைக்கு வராமல் போகாது என்று எனக்குத் தெரியும். அதை நிறுத்த முடியுமா? இல்லை தள்ளிப்போடவாவது முடியுமா?

இதற்கு மட்டும் பதில் போடு. என் அஞ்சல் குறியீடு 41000. அனுதாப அட்டையில் தப்பாக எழுதியிருந்தாய்.

சுகுமாறன்


பிரிக்பீல்ட்ஸ்
7.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கீழே காவலாளி "ஆன்டி, surat" என்று நீட்டியபோது ஏதோ வரிக் கடிதம் என்றுதான் வாங்கினேன். லிஃப்ட் இரண்டு முறை வந்து போய்விட்டது. அங்கேயே நின்று படித்தேன்.

முதலில் அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இறந்த அன்றைக்கு நான் வராததற்கு நீங்கள் சொன்ன காரணம் சரிதான். கூட்டத்துக்கு நான்தான் தலைமை, எழுந்து வந்தால் நம் நாற்காலி காலியாகக் கிடக்கும் என்று நினைத்தேன். நான்காம் நாள் வந்தேன், நீங்கள் கேட்டைத் திறக்கவில்லை. அதில் தப்பொன்றும் இல்லை. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்டது. அலுவலக விஷயத்தை வீட்டாரிடம் சொல்லக்கூடாது. சொல்கிறேன். நாட்டின் பெயரை மட்டும் நானும் எழுதப்போவதில்லை.

அறிக்கையை நாற்பத்திரண்டு நாடுகள் சேர்ந்து விடுகின்றன. எல்லாரும் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து கை தூக்குவார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் தொழிலில் வேறு வழக்கம் இருக்கிறது. வாசகத்தை எல்லாருக்கும் அனுப்பி ஒரு கெடு வைப்பார்கள். கெடு முடியும்வரை யாரும் வாய் திறக்காவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று கணக்கு. மௌன நடைமுறை என்று பெயர். ஒரே ஒரு நாடு மறுத்து எழுதினாலும் மௌனம் கலைந்துவிடும், வாசகம் திரும்ப அடுப்புக்குப் போகும். கெடு வருகிற 20ஆம் தேதி வியாழக்கிழமை. அறிக்கை தயாராகும் ஊரில் மதியம் பன்னிரண்டு, நமக்கு மாலை ஏழு.

அறிக்கையில் ஆறு பத்திகள். ஐந்து பத்திகளில் வழக்கமான வணக்கங்களும் நம்பிக்கைகளும்தான். நான்காம் பத்தியில்தான் விஷயம் இருக்கிறது. "ஒரு மக்களை அவர்கள் இனத்தைக் காரணம் காட்டி வசிப்பிடத்திலும் மருத்துவத்திலும் திருமணத்திலும் பிரித்து வைக்கும் சட்டத்தைக் கண்டிக்கிறோம். அதைத் திரும்பப் பெறக் கோருகிறோம்." இந்தப் பத்திக்கு முதல் வரைவை எழுதியது நான்தான் அண்ணே. இருபத்தாறு வருட வேலையில் நான் எழுதியதிலேயே ஒளிவுமறைவு இல்லாத இரண்டு வரிகள் இவைதான்.

ஆகவே உங்களுக்கு நான் எந்த வாக்கும் தர முடியாது. மலர் என் மருமகள் என்று அலுவலகத்தில் இன்னும் சொல்லவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும்.

நோன்பு மாதம். சகாக்கள் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நோன்பில்லாதவள் என்பதால் மாலை வேலைகள் என்னிடம் வருகின்றன. அதில் எனக்குக் குறையில்லை, வீட்டில் யாரும் காத்திருக்கவில்லையே. சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வரும்போது கீழ்க்கடையில் தோசை வாங்குகிறேன். கடைக்கார அக்கா ஏழு வருடமாக அதே கேள்வியைக் கேட்கிறார்: "ஒரு ஆளுக்குத்தானேம்மா?"

தனாவின் படம் ஒன்று இருந்தால் அனுப்புங்கள்.

குமுதா


கிள்ளான்
11.3.2025

குமுதாவுக்கு,

படம் வைத்திருக்கிறேன். பாலன் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி எடுத்தது. நெற்றியைப் பார், அப்படியே உன் அண்ணி. காது மட்டும் அவள் அப்பன் காது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு வரி எழுதினேன் என்று பெருமைப்படுகிறாய். நல்லது. அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு அந்த அதிகாரி மலரின் மனுவை எந்தக் குப்பையில் போடுவான் என்று யோசித்தாயா? நீ எழுதுவாய், டீ குடிப்பாய், விமானம் ஏறுவாய். அட்டையோடு அங்கே வரிசையில் நிற்கப்போவது என் பேத்தி.

நான் படிக்காதவன்தான், ஆனாலும் ஒன்று சொல்கிறேன் கேள். 2001இல் கம்போங் மேடானில் மலாய்க்காரருக்கும் நம்மவருக்கும் கலவரம் நடந்த வாரம் எனக்கு அந்தப் பக்கம்தான் டெலிவரி. இரண்டாம் நாள் போகமாட்டேன் என்றேன், பிறகு பென்ஷன் கடிதங்கள் கிடக்கிறதே என்று போனேன். ஒரு சந்தில் நுழைந்தபோது எதிரே ஆட்கள் கூட்டமாக வருகிறார்கள். ஒரு வயதான மலாய்க்கார மாக்சிக், அவர் வீட்டுக்கு நான் வாரம் ஒரு கடிதம் போடுவேன், அவ்வளவுதான் பழக்கம். கேட்டைத் திறந்து, "Masuk, masuk, மோட்டாரையும் தள்ளிட்டு வா" என்றார். மூன்று மணி நேரம் அவர் வீட்டுக் குளியலறைப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். பால் விடாத தே ஓ டீ போட்டுக் கொடுத்தார். அதைப் பற்றி அவர் யாரிடமும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. அந்த வாரம் எத்தனையோ பேர் டிவியில் அறிக்கை விட்டார்கள். ஒரு அறிக்கையும் என் உயிரைக் காப்பாற்றவில்லை. அந்த அம்மா காப்பாற்றினார்.

நீயும் கேட்டைத் திற, போதும். மேடை உனக்கு வேண்டாம்.

மௌனத்தைக் கலைக்க ஒரு நாடு போதும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்த ஒரு நாடு நாமாக இருந்துவிட்டுப் போகட்டுமே. குடி முழுகிப் போகாது.

இந்த வீட்டில் நான் தனியாக இருக்கிறேன் குமுதா. காலையில் பேப்பரை வாய்விட்டுப் படிக்கிறேன், வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டுமே என்று. மலரும் பிள்ளையும் வந்துவிட்டால் அந்த முன்னறையைக் கொடுக்கலாம் என்று போன வாரம் சுண்ணாம்பு அடித்தேன். நானே ஏணி ஏறி அடித்தேன், முட்டி இன்னும் வலிக்கிறது.

சுகுமாறன்


பிரிக்பீல்ட்ஸ்
15.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அறுபத்திரண்டு வயதில் ஏணி ஏறுகிறீர்களே, உங்களுக்கு என்ன பைத்தியமா? பாலனைக் கூப்பிட்டிருக்கலாமே.

படம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மேலே வைக்கத் துணிவில்லை.

நேற்று கூட்டம் நடந்தது. நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் தங்கை மேடையில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், மேடை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஏழு பேர், ஜன்னல் இல்லாத அறை. நோன்பென்பதால் மேசையில் தண்ணீர்கூட இல்லை.

வணிகப் பிரிவு அம்மாள் முதலில் பேசினார். அந்தத் தீவு நம்மிடம் எவ்வளவு செம்பனை எண்ணெய் வாங்குகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அடுத்தவர், அங்கே அறுநூறு மலேசியர்கள் வேலை செய்கிறார்கள், நாம் கண்டித்தால் அவர்கள் கதி என்ன என்றார். உங்கள் வாதம்தான் அண்ணே, கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தது. இன்னொருவர் அண்டை வீட்டு விவகாரத்தில் தலையிடுவது நம் வழக்கமில்லை என்றார். கண்டிக்க வேண்டாம், இனம் என்பதற்குப் பதில் சில சமூகத்தினர் என்று போட்டுக் கவலை தெரிவிக்கலாம் என்றார். எங்கள் ஊரில் கவலைக்கும் படிகள் உண்டு. கவனத்தில் கொள்கிறோம், கவலை கொள்கிறோம், ஆழ்ந்த கவலை கொள்கிறோம், கண்டிக்கிறோம், வன்மையாகக் கண்டிக்கிறோம். நீங்கள் என் மேல் வைத்திருப்பது கடைசிப் படி.

சட்டப் பிரிவில் செந்தூரன் என்று ஒரு இளைஞன். பேசவே மாட்டான். அவன்தான் சொன்னான்: "இனம்கிற சொல்லை எடுத்துட்டா அந்தப் பத்தியில என்ன சார் மிச்சம்? சில சமூகத்தினர்னு போட்டா அது மீன் பிடிக்கிறவங்களா, பந்து விளையாடுறவங்களா?" ஓரிருவர் சிரித்தார்கள்.

அப்போது எங்கள் தலைமை அதிகாரி டத்தோ, நல்ல மனிதர், மெதுவாகக் கேட்டார். "இனத்தைப் பற்றி நாம் பேசினால் அவர்கள் திரும்பி நம்மைப் பார்த்து, உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கிறதா?"

எல்லாரும் காகிதத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, தற்செயலாகப் பார்ப்பதுபோல், என்னையும் செந்தூரனையும் பார்த்தார்கள். அந்த அறையில் தமிழர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு இருபத்தாறு வருடமாகப் பழகிய பார்வை அது. செந்தூரனுக்குப் புதிது போலிருக்கிறது, காது சிவந்துவிட்டது.

"கேட்கட்டும் டத்தோ, கேட்டால் பதில் சொல்லக் கற்றுக்கொள்வோம்" என்றேன். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. என் இழுப்பறையில் ஒரு குழந்தையின் படம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

முடிவு என்னவென்றால், முடிவு இல்லை. மறுப்புக் கடிதம் ஒன்றைத் தயாரித்து வைக்கச் சொன்னார்கள். வியாழக்கிழமைவரை மற்ற நாடுகளின் போக்கைப் பார்ப்பதாம். வேறு யாரும் மறுக்கவில்லை என்றால் நாமும் மௌனமாக இருந்துவிடலாம். நிலைமை மாறினால் அனுப்பலாம். அதைத் தீர்மானிக்கும் பேனாவை டத்தோ என் கையில் கொடுத்துவிட்டார்.

உங்கள் மாக்சிக்கை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் செய்தது பெரிய காரியம். அவர் வீட்டுக் கேட்டில் நுழைய முடியாதவர்களும் அந்தச் சந்தில் இருந்தார்கள் அல்லவா? தென்கரையில் நான்கு லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களில் மலேசியாவில் தாத்தா உள்ளவள் தனா ஒருத்திதான்.

கோபப்படாதீர்கள். நான் இன்னும் எதையும் தீர்மானிக்கவில்லை.

குமுதா


கிள்ளான்
18.3.2025, போஸ் லாஜு

குமுதா,

நாளைக்கே உன் கையில் கிடைக்க வேண்டும் என்று கவுண்டரில் நின்று விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கு என்னைத் தெரியவில்லை. "Pakcik, borang isi dulu" என்று எனக்கே ஃபாரம் நிரப்பக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

நான்கு லட்சம் பேரைப் பற்றி எழுதியிருந்தாய். பாவம்தான். இல்லை என்று சொல்லவில்லை. என் மனசும் கல் இல்லை. ஆனால் எனக்கு நான்கு லட்சம் பேரைத் தெரியாது குமுதா. எனக்கு ஒருத்தியைத் தெரியும். அவளுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது.

நீ எனக்கு ஒன்றும் செய்ததில்லை என்று உன் அண்ணியிடம் அடிக்கடி சொல்லுவேன். அவள் உன் பக்கம்தான் பேசுவாள். "அவ பெரிய எடத்துல இருக்கா, நேரம் வரும்போது செய்வா" என்பாள். நேரம் வந்திருக்கிறது. இதை மட்டும் செய். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், அண்ணன் கெஞ்சி நீ பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. எப்படியானாலும் வா என்று எழுதத்தான் நினைத்தேன். மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். அனுப்பிவிட்டு வா.

அண்ணன்


பிரிக்பீல்ட்ஸ்
21.3.2025

அண்ணே,

அனுப்பிவிட்டேன்.

நேற்று ஐந்து மணிக்கு டத்தோ கிளம்பும்போது என் அறை வாசலில் நின்று, "தேவையில்லைன்னு தோணிச்சுன்னா அனுப்ப வேண்டாம் குமுதா. உன் முடிவுதான்" என்றார். அதுவரை யாரும் மறுத்திருக்கவில்லை. நாற்பத்தோரு நாடுகளும் சும்மா இருந்தன. அலுவலகத்தில் அத்தனை பேரும் நோன்பு துறக்கப் போய்விட்டார்கள். அந்தத் தளத்தில் நானும் துப்புரவுக்கார வள்ளியம்மாவும்தான். மணி ஆறு நாற்பதுக்கு அனுப்பினேன். அறிக்கை தயாராகும் ஊரில் இருக்கும் எங்கள் ஆள் அடுத்த ஐந்து நிமிடத்தில் எல்லாருக்கும் சுற்றுக்கு விட்டார். ஏழு மணிக்குள் இன்னும் மூன்று நாடுகள் எங்களோடு சேர்ந்துகொண்டன. யாராவது முதலில் போகட்டும் என்று காத்திருந்தார்கள் போலும்.

இன்று காலை புதிய வாசகம் வந்தது. "சில சமூகத்தினர் எதிர்கொள்ளும் நடைமுறைகளைக் கவனத்தில் கொள்கிறோம்." அவ்வளவுதான் நான்காம் பத்தி.

செந்தூரன் என்னைப் பார்த்து "பரவால்ல மேடம்" என்றான். நான் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

ஞாயிறு வருகிறேன்.

குமுதா


கிள்ளான்
14.4.2025

அன்புத் தங்கை குமுதாவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நம்பரைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நீயே திறந்து கொடுத்துவிட்டுப் போனாயே, இவன் ஏன் இன்னும் கடிதம் எழுதுகிறான் என்று கேட்காதே. வாயால் சொல்ல முடியாததை எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

தனா வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை மதியம் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தில் வாங்கிக்கொண்டேன். கூட்டி வந்தது அமுதவள்ளி, மலரோடு வேலை செய்த, நம் சித்தியவான் ஊர்ப் பெண். வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்புகிறாள். மலர் வரவில்லை.

உனக்கு போனில் "கொழந்த வந்துருச்சு" என்று மட்டும் சொன்னேன். நீயும் "மலர்?" என்று கேட்டாய், நான் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அனுமதி போன மாதம் 28ஆம் தேதி கையெழுத்தானது. அதே வாரம் அந்த அரசாங்கம் தலைநகரில் இருந்த தென்கரைக்காரர்களின் பாஸை எல்லாம் செல்லாது என்று சொல்லிவிட்டது. வெளிநாடுகள் "கவனத்தில் கொண்டதை" அவர்கள் ரேடியோவில் பெருமையாக வாசித்தார்களாம், கண்டனம் எதுவும் இல்லை என்று. மாப்பிள்ளையை லோரியில் ஏற்றித் தென்கரைக்கு அனுப்பிவிட்டார்கள். மலர் நம் பாஸ்போர்ட்காரி, பிள்ளையோடு விமானம் ஏறியிருக்கலாம். "அவர தனியா உட்டுட்டு வர முடியாதுப்பா, பாப்பாவ பாத்துக்குங்க" என்று எழுதி அனுப்பி, பிள்ளையை அமுதவள்ளியிடம் கொடுத்துவிட்டு அவளும் லோரிக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கே போன் எடுப்பதில்லை. பதினாறு நாளாக ஒரு தகவலும் இல்லை.

பிள்ளை என் முகத்தைப் பார்த்தால் அலறுகிறாள். சாயங்காலம் வாசல் பக்கம் கையை நீட்டுகிறாள், தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பவும் அழுகிறாள். பாலன் மனைவி வந்து சோறு ஊட்டிவிட்டுப் போகிறாள்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். போன மாதம் 12ஆம் தேதி மலர் எனக்கு போனில் எழுதியிருந்தாள். அப்படியே எழுதுகிறேன். "அப்பா, அத்தைகிட்ட சொல்லுங்க. எங்களுக்காக யாராச்சும் பேசட்டும். எல்லாரும் பேசாம இருந்தா இவங்க இன்னும் செய்வாங்க. பாப்பாவுக்காகன்னு அத்தைய தடுக்காதீங்க." நான் அதை உனக்குச் சொல்லவில்லை. அழித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் போஸ் லாஜுவில் உனக்குக் கெஞ்சி எழுதினேன். நீ வந்து சாப்பிட்ட அன்றும் சொல்ல வாய் எடுத்தேன். மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாய், விட்டுவிட்டேன்.

முப்பத்தொரு வருடத்தில் ஒருவர் கடிதத்தைக்கூட நான் சேர்க்காமல் விட்டதில்லை. என் பிள்ளை அனுப்பியதை மறைத்தேன். சொல்லியிருந்தால் நீ அனுப்பியிருக்க மாட்டாய். அந்தப் பாவம் என்னுடையது, உன்னுடையது இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

அண்ணன்


பிரிக்பீல்ட்ஸ்
19.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. பதில் எழுத மூன்று நாள் ஆனது.

நேற்று காலை டத்தோவுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். என் மருமகள் அங்கே இருப்பதை மறைத்து அந்தக் கோப்பைக் கையாண்டேன், என்னை அதிலிருந்து விலக்குங்கள் என்று. படித்துவிட்டு மடித்து வைத்தார். "நீ மறைக்காவிட்டாலும் நான் அனுப்பத்தான் சொல்லியிருப்பேன்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, தெரியவில்லை. கோப்பு செந்தூரனிடம் போகிறது. ஜூனில் அதே வாசகம் திரும்ப வரும். அவன் என்ன செய்வான் என்று நான் கேட்கப்போவதில்லை.

மலரைத் தேட அந்தத் தீவில் இருக்கும் எங்கள் ஆள் மூலம் முயல்கிறேன். மெதுவாகத்தான் நடக்கும். தென்கரைக்குள் வெளிநாட்டவரை விடுவதில்லை. நடந்தது நான்காம் பத்தி இருந்திருந்தாலும் நடந்திருக்கலாம். இல்லாததால்தான் நடந்தது என்றும் சொல்லலாம். எங்கள் தொழிலில் இதற்கு யாரும் விடை சொன்னதில்லை.

நீங்கள் எழுதியதற்கு வருகிறேன். நீங்கள் மறைத்ததால் நான் அனுப்பினேன் என்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! உங்கள் மேல் இன்னும் பதினான்கு மாதம் கோபமாக இருந்துவிட்டு, பிறகு மன்னித்திருப்பேன்.

மலர் எனக்கும் எழுதினாள் அண்ணே. அந்த வியாழக்கிழமை, டத்தோ கிளம்பிக் கால் மணி நேரம் கழித்து. "அத்தை, அப்பா என்ன சொன்னாலும் கேக்காதீங்க. அந்த வார்த்தைய எடுக்க விடாதீங்க. பாப்பாவ எப்படியாச்சும் நாங்க பாத்துக்கிறோம்." என் கைபேசியில் இன்னும் இருக்கிறது. நான் அழிக்கவில்லை, அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம்.

அதைப் படித்துவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு ஏழு மணிவரை இருந்திருந்தால் பத்தி நின்றிருக்கும். வள்ளியம்மா விளக்கை அணைக்கலாமா என்று வந்து கேட்டார். இன்னும் ஒரு வேலை இருக்கிறது என்றேன்.

அறுநூறு மலேசியர்களின் நலன் கருதி என்று கோப்பில் எழுதினேன். தனாவுக்காக என்று உங்களிடம் சாப்பிடும்போது சொன்னேன். மலரே வேண்டாம் என்ற பிறகு தனாவுக்காக என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? அனுப்பிவிட்டு வா என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அனுப்பாவிட்டால் நீங்கள் திரும்பவும் போய்விடுவீர்கள் என்று பயந்தேன். இந்த ஊரில் எனக்கு வேறு யாரும் இல்லை. நான்கு லட்சம் பேருக்காக எழுதிய இரண்டு வரிகளை அதற்காகத்தான் எடுத்தேன்.

இதை மலருக்குச் சொல்ல வேண்டும். முகவரி இல்லை என்பது இப்போதைக்கு எனக்கு வசதியாகவே இருக்கிறது. அதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலைக் கொமுட்டர் ரயிலில் வருகிறேன். பால் மாவு, உடை, வேறு என்ன வேண்டும் என்று எழுதுங்கள். பாத்திரம் கழுவுகிறேன், துணி துவைக்கிறேன், சொல்வதைச் செய்கிறேன். பிள்ளையை மட்டும் என் கையில் கொடுக்காதீர்கள்.

குமுதா